அதிபர் கடனுக்குப் பெயின்ட் வாங்குவது ஏன்?

கப்பல்துறையில் கண்டி வீதியோரமாக எனக்கொரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. பக்கத்து அறையில் கொப்பி, பேனை, போட்டோ கொப்பி என்று சிறியதொரு வியாபாரம். நீண்ட காலமாக ஒரே இடத்தில் இருப்பதால் சுற்றுவட்டாரப் பாடசாலைகள் பலவற்றின் கணக்கு என்னுடைய கடன் கொப்பியில் உண்டு. கல்வியைப் பற்றி எழுதும் தகுதி எனக்கில்லை. நான் சாதாரண தரத்தோடு கடைக்கு வந்தவன். ஆனால் பாடசாலைகளின் பணம் எப்போது வருகிறது, எப்போது வராமல் போகிறது என்பதைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இவ்வாரம் சில விடயங்களைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மார்ச் மாதம், சிறிய பாடசாலை ஒன்றின் அதிபர் கடைக்கு வந்தார். வகுப்பறைகள் இரண்டுக்குப் பெயின்ட், கூரைத் தகரம் நான்கு, மின்குமிழ்கள், மலசலகூடத்துக்குத் தண்ணீர்க் குழாய். எல்லாம் சேர்த்து 38,500 ரூபா.

“முதலாளி, தர உள்ளீட்டுக் காசு வந்தவுடனே தந்து விடுகிறேன்” என்றார்.

“அவசரமில்லை சேர், கொண்டு போங்கோ” என்றேன்.

ஏப்ரல் போனது, ஆகஸ்ட் போனது. பணம் வந்தது நவம்பர் கடைசியில். டிசம்பருக்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. அதைவிடப் பெரிய சிக்கல், மார்ச்சில் வாங்கிய பொருளுக்கு நவம்பரில் வந்த பணத்தைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விலைமனுக் கோராமல், அனுமதியில்லாமல் வாங்கியது தவறாம். ஒழுங்கு விதிப்படி அவர்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மழை பெய்து பிள்ளைகளின் தலையில் ஒழுகும்போது நவம்பர் வரைக்கும் எந்த அதிபர் காத்திருப்பார்? கடைசியில் அந்த மனிதர் தன் சம்பளத்திலிருந்து மாதம் மாதம் எனக்குக் கட்டினார். அதே நேரம் வந்த அரச பணத்தை மூன்று வாரத்துக்குள் முடிக்க வேண்டுமென்று, தேவையானதை விட்டுவிட்டுக் கிடைத்ததை வாங்கினார்கள்.

அன்றுதான் இந்தப் பணம் எங்கிருந்து, எந்த வழியால் வருகிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

பணம் வரும் வழி

நமது நாட்டில் 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980இலிருந்து பாடப் புத்தகமும் இலவசம். இந்தப் பெருமை நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் இலவசம் என்பது வேறு, சமம் என்பது வேறு.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின்னர் பாடசாலைகள் இரண்டாகப் பிரிந்தன. தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழும், மற்றவை மாகாண சபைகளின் கீழும் வந்தன. நாட்டில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் தேசிய பாடசாலைகள் 400 அளவில்தான். எஞ்சியவை எல்லாம் மாகாணப் பாடசாலைகள். நமது திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள். இவற்றிலுள்ள பாடசாலைகளிலும் மிகப் பெரும்பாலானவை மாகாணத்துக்குரியவையே.

மாகாணத்துக்குச் சொந்த வருமானம் குறைவு. எனவே பணம் திறைசேரியிலிருந்து வர வேண்டும். எவ்வளவு தர வேண்டும் என்று சிபாரிசு செய்வது நிதி ஆணைக்குழு. இதுவும் 13ஆவது திருத்தத்தால் வந்ததுதான். இதில் ஐவர் இருப்பர். மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர். அந்த மூவரும் நிதி, சட்டம், நிர்வாகம், வர்த்தகம், கல்வி ஆகிய துறைகளில் ஒன்றில் சிறந்து விளங்கியவர்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வர்த்தகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாட்டின் பணத்தை மாகாணங்களுக்குப் பங்கிடும் மேசையில் வியாபாரிக்கும் ஓர் இடம் இருக்கலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது.

பங்கிடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. மாகாணத்தின் சனத்தொகை, ஆள்வீத வருமானம், சமூகப் பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை, வருமானம் கூடிய மாகாணத்துக்கும் மற்ற மாகாணங்களுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்க வேண்டிய தேவை. இந்தச் சிபாரிசுகளை ஜனாதிபதி பாராளுமன்றத்தில் சமர்ப்பித்து, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதையும் அறிவிக்க வேண்டும். ஆகவே பின்தங்கிய இடத்துக்குக் கூடுதலாகத் தாருங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. சட்டத்தில் இருப்பதைக் கேட்பதாகும்.

இப்படி மாகாணத்துக்கு வரும் பணத்தின் பெரும் பகுதி தொகுதிக் கொடை. சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் அது போய்விடும். கட்டடம், தளபாடம் போன்றவற்றுக்கு வேறு கொடை. இவற்றோடு, பாடசாலையின் கைக்கு நேராக வரும் சிறிய தொகை ஒன்று உண்டு. அதுதான் அந்த அதிபர் சொன்ன தர உள்ளீட்டு நிதி. வெண்கட்டி, கடதாசி, ஆய்வுகூடப் பொருள், சிறு திருத்த வேலை எல்லாம் இதற்குள்தான்.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு தராசு

முன்பு இந்தத் தர உள்ளீட்டுப் பணம் யாருக்குச் செல்வாக்கு இருக்கிறதோ அவர்களுக்கு அதிகம் கிடைக்கக் கூடியதாக இருந்தது. 2000ஆம் ஆண்டளவில் இதற்கொரு சூத்திரம் கொண்டுவரப்பட்டது. மாணவர் தொகை, வகுப்பு மட்டம், பாடசாலையின் அளவு ஆகியவற்றைப் பார்த்துப் பங்கிடும் முறை. சிறிய பாடசாலைக்குத் தலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் வகையில் அதைச் செய்தார்கள். இது நல்ல முன்னேற்றம்.

ஏன் சிறிய பாடசாலைக்குத் தலைக்குக் கூடுதலாக வேண்டும்? எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு கொடுத்தால் நியாயம்தானே என்று என் மச்சான் கேட்டார். வியாபாரிகளுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். பெரிய கடைக்கும் ஒரு தராசு வேண்டும், பெட்டிக் கடைக்கும் ஒரு தராசு வேண்டும். பெரிய கடைக்காரர் அந்தச் செலவை ஆயிரம் வாடிக்கையாளர்களில் பரப்பி விடுவார். பெட்டிக் கடைக்காரர் ஐம்பது பேரில் பரப்ப வேண்டும்.

கணக்குக்காக ஒரு தொகை சொல்கிறேன், உண்மைத் தொகை அல்ல. ஒரு பிள்ளைக்கு வருடம் 500 ரூபா என்று வையுங்கள். 1,200 பிள்ளைகள் உள்ள பட்டினப் பாடசாலைக்கு 6 இலட்சம் வரும். 80 பிள்ளைகள் உள்ள கிராமப் பாடசாலைக்கு 40,000 வரும். இரண்டுக்கும் ஒரு போட்டோ கொப்பி இயந்திரம் தேவை, விலை 2 இலட்சம். பட்டினத்தில் தலைக்கு 167 ரூபாவுக்குக் குறைவு. கிராமத்தில் தலைக்கு 2,500 ரூபா. சமமாகப் பங்கிட்டோம், ஆனால் கிராமத்துப் பிள்ளைக்கு இயந்திரம் இல்லை.

சூத்திரம் இதை ஓரளவு சரிசெய்கிறது. ஆனாலும் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, நான் மேலே சொன்ன தாமதம். பத்து மாதம் பிந்தி வரும் பணம் பாதிப் பணத்துக்குச் சமம். பெரிய பாடசாலை பழைய மாணவர் சங்கத்திடம் வாங்கிச் சமாளிக்கும். சின்னப் பாடசாலை அதிபர் என் கடைக்கு வருவார். மற்றது விலைவாசி. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீத அளவை எட்டியது. அவ்வருடம் மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். கடதாசி ரீமின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியதை என் கடையிலேயே பார்த்தேன். விலை ஏறும் வேகத்தில் ஒதுக்கீடும் ஏறாவிட்டால், சூத்திரம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கையில் வருவது பாதி ரீம் கடதாசிதான்.

ஆசிரியர்தான் பெரிய பணம்

நான் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றில் முக்கியமானது இதுதான். கல்விச் செலவில் பெரும் பகுதி ஆசிரியர் சம்பளம். அப்படியென்றால் ஆசிரியர் எங்கே போகிறாரோ அங்கேதான் அரசின் பணம் போகிறது. பெயின்டும் வெண்கட்டியும் சில்லறை.

சென்ற வருடம் என் கடைக்குக் கணக்கெழுத ஒரு பையனைச் சேர்த்தேன். நல்ல பிள்ளை, நேர்மையானவன். பில்லில் 18 வீதம் வற் வரி போடச் சொன்னால் தடுமாறினான். 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள் அல்லவா, அந்தக் குழப்பம் என்று நினைத்தேன். பிறகு கேட்டால், பத்தாம் பதினோராம் வகுப்புகளில் அவன் படித்த பாடசாலையில் கணித ஆசிரியரே இருக்கவில்லையாம். விளையாட்டு ஆசிரியர் வந்து புத்தகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போவாராம்.

ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம். இரண்டு வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். அந்தப் பாடசாலைக்கு வந்திருக்க வேண்டிய இவ்வளவு பெரிய தொகை வராமல் போயிருக்கிறது. ஆனால் எந்தக் கணக்கிலும் அது குறைவாகக் காட்டப்படவில்லை. வெற்றிடம் என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. பஸ் குறைந்த, வீடு கிடைக்காத இடத்துக்கு யார் விரும்பிப் போவார்? நமது மாவட்டத்தில் தூரம் என்பது சில இடங்களில் உயிர்ப் பிரச்சினையும்தான். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகள் மூழ்கிப் போனதை நாம் மறக்க முடியாது. யுத்தம், 2004 சுனாமி, 2006இல் மூதூர் மக்களின் இடம்பெயர்வு என்று அடிமேல் அடி வாங்கிய பகுதி இது. ஓடத் தொடங்கும் இடமே பின்னால் இருக்கிறது.

நாம் கொடுக்கும் நன்கொடை

இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் இரண்டு பிள்ளைகளையும் நான் பட்டினப் பாடசாலையில்தான் படிப்பித்தேன். வேன் பிடித்து அனுப்பினேன். அங்கே மண்டபம் கட்டும்போது சீமெந்து கொடுத்தேன். சுவரிலுள்ள பெயர்ப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அதே காலத்தில் நமது ஊர்ப் பக்கத்துப் பாடசாலையில் பிள்ளைகள் குறைந்துகொண்டு வந்தார்கள். பிள்ளை குறைந்தால் ஒதுக்கீடு குறையும். ஒதுக்கீடு குறைந்தால் ஆசிரியரை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். ஆசிரியர் போனால் மிச்சமுள்ள வசதியான பெற்றோரும் பிள்ளையை எடுத்துவிடுவார்கள். சரக்கில்லாத கடையிலிருந்து வாடிக்கையாளர் போவது போலத்தான். கடைசியில் அங்கே இருப்பவர்கள் வேன் பிடிக்க வசதியில்லாதவர்களின் பிள்ளைகள் மட்டும். இதில் எனக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

நம்மவர்கள் கல்விக்குக் கொடுப்பதில் பின்னிற்பவர்கள் அல்லர். 1892இல் கொழும்பு மருதானையில் சித்திலெப்பை, ஒராபி பாஷா ஆகியோரோடு சேர்ந்து பாடசாலை அமைத்து, பின்னர் அது ஸாஹிராக் கல்லூரியாக வளர வழிசெய்த வாப்பிச்சி மரிக்கார் கட்டட ஒப்பந்தக்காரர். 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்து, வசதியற்ற மாணவர்கள் மேற்படிப்புப் படிக்க வழி திறந்தார். அவர்கள் இல்லாத இடத்தில் உருவாக்கினார்கள். நாமோ ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இன்னொரு மாடி கட்டுகிறோம். நமது நன்கொடை தரமான பாடசாலைக்கே திரும்பத் திரும்பப் போனால், அரசு விட்ட இடைவெளியை நாம் இன்னும் அகலமாக்குகிறோம்.

வெளிநாட்டில் நடந்த ஒன்று

அமெரிக்காவில் பாடசாலைக்குப் பணம் பெருமளவு அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. பணக்கார ஊரில் வீட்டு விலை அதிகம், எனவே பாடசாலைக்கும் பணம் அதிகம். டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதிப் பெற்றோர் 1968இல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் முதற் பெயராக நின்றவர் டெமெட்ரியோ ரொட்ரிகஸ், ஒரு தகர வேலைக்காரர். 1973இல் உயர் நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். விடவில்லை. எட்ஜ்வுட் உட்பட்ட பாடசாலை மாவட்டங்கள் மாநில நீதிமன்றத்துக்குப் போயின. 1989இல் டெக்சாஸ் உயர் நீதிமன்றம் ஏகமனதாக, இந்த முறை மாநில அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. இருபத்தொரு வருடம். இங்கிலாந்தில் 2011இலிருந்து வறிய குடும்பத்துப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாடசாலைக்கு மேலதிகத் தொகை கொடுக்கிறார்கள்.

நமது நாட்டில் ஊர் வரியில் பாடசாலை நடப்பதில்லை. எல்லாம் ஒரே திறைசேரிப் பெட்டியிலிருந்து வருகிறது. அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள். ஆனால் பெட்டியிலேயே அதிகமில்லை. அண்மைய வருடங்களில் அரசு கல்விக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 6 சதவீதம் கேட்டு மூன்று மாதமளவில் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். பெட்டி பெரிதாக வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. இருப்பதை நியாயமாகவும் நேரத்துக்கும் பங்கிட வேண்டும் என்பது இன்னொரு கோரிக்கை. இரண்டாவதில் நாம் இங்கிருந்தே செய்யக் கூடியவை உண்டு.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போக வேண்டும். போய் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இவ்வருடம் ஒதுக்கீடு எவ்வளவு? எந்தத் திகதியில் வந்தது? செலவழிக்காமல் திரும்பிப் போனது எவ்வளவு? இதை ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதிபரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூடாது. அவர் மேலிடத்தில் கேட்பதற்குப் பலம் கொடுக்கக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் வெற்றிடம் என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கினால், அதுவே பெரிய ஆயுதம்.

மூன்றாவது, வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சேர்ந்து அந்தப் பட்டியலை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் மாகாணக் கல்வி அமைச்சுக்கும் கொடுக்க வேண்டும். அடுத்த வருடத்துக்கான தேவைகளை மாகாணம் இவ்வருடமே மதிப்பிட்டு நிதி ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறது. டிசம்பரில் சத்தம் போட்டுப் பயனில்லை. வருட நடுப்பகுதிக்கு முன்னர் கேட்க வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்த பின்னர் பல வருடங்கள் தேர்தல் நடக்கவில்லை. கேட்பதற்கு நமக்கென்று உறுப்பினர் இல்லாத காலத்தில் ஊர்ச் சங்கங்களின் கடிதத்துக்குப் பெறுமதி இன்னும் கூடும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலை என்று பிரிக்காமல் ஒரே கடிதமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது.

நான்காவது நம் கடைக்குள் இருக்கிறது. அரச பில் பிந்தித்தான் வரும் என்று விலையில் கொஞ்சம் ஏற்றி வைப்பது வியாபாரிகளிடையே வழக்கம். நானும் செய்திருக்கிறேன். பத்து வீதம் ஏற்றினால் பத்து ரீமில் ஒரு ரீம் கிட்டத்தட்டப் பிள்ளைகளிடமிருந்து போகிறது. பாடசாலைக்குக் கொடுக்கும்போது கடை விலையே போதும்.

ஐந்தாவது, கொடுப்பதென்றால் சிறிய இடத்துக்குக் கொடுப்போம். மண்டபம் வேண்டாம். தூரத்திலிருந்து வரும் கணித ஆசிரியருக்கு ஊரில் ஓர் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் ஒழுங்கு செய்தால், அரசு தரும் ஏழு இலட்சம் ரூபாச் சம்பளம் அந்த ஊரில் தங்கும். ஒரு வியாபாரிக்கு இதைவிட இலாபமான முதலீடு எது?

அந்த அதிபர் கடைசித் தவணையாக 4,500 ரூபாவைக் கொண்டுவந்தபோது வேண்டாம் என்று மறுத்தேன். “கடன் கடன்தான் முதலாளி, உங்களுக்குத் தெரியாததா” என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். கொப்பியில் அவர் பெயரை வெட்டினேன். ஆனால் அந்தப் பெயின்ட் அவர் வீட்டுக்குப் பூசியதல்ல. அந்தக் கடன் அவருடையதல்ல, நம் எல்லோருடையதும்தான். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு வாங்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.